வளையாத இரும்பு

சுவரில் மாட்டுவதற்கென்றே செய்யப்படும் ஓர் ஆயுதத்தை எப்படி வாசிப்பது? 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் திமிங்கில வேட்டையின் எறியீட்டியை இன்றைக்கும் கையால் அடித்து நகல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். உலையில் காய்ச்சி, சம்மட்டியால் நீட்டி, உப்புத் தண்ணீர் விட்டுத் துரு ஏற்றிப் பழசாக்குகிறார்கள். வேலை சுத்தம்தான். ஆனால் பாருங்கள், ஈட்டி நேராக இருக்கிறது.

கடலுக்குப் போய் வந்த ஈட்டி பெரும்பாலும் அப்படி இருக்காது. எறியீட்டியின் வேலை கொல்வது அல்ல. திமிங்கிலத்தைக் கயிற்றால் படகோடு பிணைப்பது. கொல்ல வேறு ஈட்டி உண்டு. இழுக்கிற இழுப்பில் முறிந்துவிடக் கூடாதென்று தண்டைத் தேனிரும்பில் அடித்தார்கள். அது முறியாமல் முறுக்கிக்கொள்ளும். வேட்டையில் கொடிபோல் சுருண்டுபோன ஈட்டிகள் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த வளைவு திமிங்கிலத்தின் எதிர்ப்பு. வேட்டைக்காரனின் கருவியிலேயே வேட்டையாடப்பட்ட உயிர் எழுதிவிட்டுப் போன பிரதி என்று அதைச் சொல்லலாம். நகல் துருவை எடுத்துக்கொண்டு இந்த வளைவை விட்டுவிடுகிறது. அதற்குப் பழமை வேண்டும், வரலாறு வேண்டாம்.

காணாமல் போவது திமிங்கிலம் மட்டுமல்ல. 1848இல் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்தில் லூயிஸ் டெம்பிள் என்ற கறுப்பினக் கொல்லர் புதுவகை ஈட்டி ஒன்றை உருவாக்கினார். உடம்புக்குள் நேராக நுழையும் தலை, கயிறு இழுபட்டதும் சின்ன மரமுளை ஒடிந்து குறுக்கே திரும்பிக்கொள்ளும், உருவிக்கொண்டு வராது. அவர் காப்புரிமை வாங்கவில்லை. மற்ற கொல்லர்கள் அதையே அடித்து விற்றார்கள். 1854இல் டெம்பிள் இறந்துபோனார். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே ஆர்க்டிக் பூர்வகுடிகள் எலும்பிலும் தந்தத்திலும் இப்படித் திரும்பும் தலைகளைச் செய்திருந்தார்கள். அப்படியானால் நகலுக்கு 'மூலம்' எது? பழம்பொருள் சந்தை இரும்பின் வயதைக் கேட்குமே தவிர இந்தக் கேள்வியைக் கேட்காது.

மெல்வில் 1851இல் எழுதிய 'மோபி டிக்'கில் கேப்டன் அகாபுக்கு ஈட்டி அடித்துத் தருகிறவன் கப்பல் கொல்லன் பெர்த். முனையைத் தண்ணீரில் தோய்க்க விடாமல் எறிவீரர்கள் மூவரின் ரத்தத்தில் தோய்க்கச் சொல்கிறான் அகாப். ஒருவன் தென்கடல் தீவுக்காரன், ஒருவன் அமெரிக்கப் பூர்வகுடி, ஒருவன் ஆப்பிரிக்கன். எவர் ரத்தத்தில் அந்த இரும்பு உறுதிப்பட்டதென்று நாவல் மறைக்கவில்லை. சுவரில் தொங்குகிற ஈட்டியோ மறைத்துவிடுகிறது.

கைவினைஞரைக் குற்றஞ்சாட்ட இதைச் சொல்லவில்லை. அந்த மரமுளையின் சூட்சுமம் தானே அடித்துப் பார்க்கிறவனுக்குத்தான் புரியும். டெம்பிளின் அறிவைக் கைவழியாக வாசிக்கிற காரியம் அது. ஆனால் வாங்குகிறவன் நேரான ஈட்டியைத்தான் கேட்கிறான். அந்த இடத்தில் வாசிப்பு நின்றுபோகிறது.

கடந்தகாலத்தை எழுதுகிற நமக்கும் இதில் சங்கதி இருக்கிறது. பழைய சொல்லும் பழைய சாமானும் போட்டுப் பிரதிக்குத் துரு ஏற்றிவிடலாம், அது ஒன்றும் பெரிய வேலையில்லை. நசுக்கப்பட்டவர்கள் திருப்பி இழுத்த இழுப்பில் நம் வாக்கியம் எங்கேயாவது வளைந்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.