அல்-குவாரிஸ்மியின் மறைக்கப்பட்ட பாதி

கிரேக்கத்தில் தோன்றிய கணிதம் நீண்ட உறக்கத்தின் பின் ஐரோப்பிய மறுமலர்ச்சியில் கண்விழித்தது என்ற கதையை மறுத்தெழுந்த நூல்களுள் ஜார்ஜ் கெவர்கீஸ் ஜோசப் 1991இல் வெளியிட்ட 'தி கிரெஸ்ட் ஆஃப் த பீகாக்' முதன்மையானது. எகிப்து, பாபிலோன், சீனம், இந்தியா, அரபுலகு ஆகியவற்றின் கணிதத்துக்கு அது உரிய இடமளித்தது. எனினும் இத்தகைய ஆய்வின் பயன் மாணவரைச் சென்றடைகையில், 'இயற்கணிதத்தின் தந்தை அல்-குவாரிஸ்மி' என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. முஸ்லிம் இதழ்களும் இதற்கு விலக்கல்ல. பெயரைப் போற்றுகிறோம், அவர் போட்ட கணக்கை எவரும் போட்டுப் பார்ப்பதில்லை.

கலீஃபா அல்-மஃமூன் (813-833) காலத்தில் பக்தாதில் எழுந்த அவரது 'அல்-ஜப்ர் வல்-முகாபலா' நூலில் குறியீடுகளே இல்லை. அனைத்தும் சொற்களால் ஆனவை. ஓர் எண்ணின் வர்க்கத்துடன் அவ்வெண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, அவ்வெண் யாது? அவர் ஒரு சதுரம் வரைகிறார். அதன் இரு பக்கங்களில் 5 அகலமுள்ள இரு செவ்வகங்களை ஒட்டுகிறார். மூலையில் விடுபடும் இடம் 25. அதையும் நிரப்பினால் மொத்தம் 64, பக்கம் 8; ஆகவே விடை 3. வர்க்கப் பூர்த்தி என்று நாம் மனனம் செய்யும் சூத்திரம் உண்மையில் ஒரு மூலையை நிரப்பும் செயலே. மற்றொரு தீர்வான -13ஐ அவர் கருதவில்லை. குறை எண்களுக்கான விதிகளைப் பிரம்மகுப்தர் 628இலேயே வகுத்திருந்தார் என்பதையும் உடன் சொல்வதே நேர்மை.

நூலின் பிற்பகுதி முழுவதும் வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள். ஒரு பெண் கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டு இறக்கிறாள்; சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் வாரிசல்லாத ஒருவருக்கு வஸிய்யத் செய்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்து 15/56. மூன்றில் ஒரு பங்கு என்ற வரம்புக்கு உட்பட்டதே. எஞ்சிய 41/56இல் கணவனுக்குக் கால் பங்கு. மீதி, மகனுக்கு இரண்டும் மகள் ஒவ்வொருவருக்கும் ஒன்றுமாக ஐந்து கூறு. சொத்தை 1120 பங்காக்கினால் பின்னம் மறைகிறது: வஸிய்யத் பெற்றவருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருவருக்கும் 123. பின்னங்களின் பொதுப்பகுதி எதற்காக என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான விடை ஏது?

1145இல் செஸ்டரின் ராபர்ட் இந்நூலை லத்தீனுக்குக் கொண்டுசென்றபோது இப்பகுதியை விட்டுவிட்டார். ஐரோப்பிய வாசகருக்கு ஃபிக்ஹ் எதற்கு? அவர் நோக்கில் அது நியாயமே. 1831இல் ஃபிரெட்ரிக் ரோசன் லண்டனில் அரபு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வெளியிட்ட பின்னரும், இக்கணக்குகளில் சில தீர்வுகள் காரணமற்றவையாகவே தோன்றின. அவற்றின் பின்னே சட்ட விதிகள் இருப்பதை 1938இல் சாலமன் கான்ஸ் விளக்கினார். நம் மத்ரஸாக்களிலோ ஃபராயிள் ஓதும் மாணவர் ஒரு நூலிலும், இயற்கணிதம் பயிலும் மாணவர் வேறொரு நூலிலும் அமர்ந்திருக்கின்றனர். அல்-குவாரிஸ்மியிடம் அவை ஒரே நூலின் இரு பகுதிகள்.