ஆசிரமத்துக் கிறிஸ்தவம்: இக்கரையும் அக்கரையும்

1921இல் திருப்பத்தூரில் இரண்டு மருத்துவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரமம் தொடங்கினார்கள். ஒருவர் சவரிராயன் ஜேசுதாசன், தமிழர். மற்றவர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன், ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கிறிஸ்துகுல ஆசிரமம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஜேசுதாசன் பெரியண்ணன் ஆனார், பேட்டன் சின்னண்ணன் ஆனார். வெள்ளைக்காரர் ஆண்ட நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் தமிழர் ஒருவருக்குத் தம்பி முறையாகி, அந்த முறையிலேயே வாழ்நாளெல்லாம் நின்றார். இந்தியத் திருச்சபை வரலாற்றில் ஒற்றுமை பற்றி எத்தனையோ தீர்மானங்கள் உண்டு. அவற்றில் எதுவும் இதற்கு ஈடாகாது என்பேன்.

அன்றைய மிஷன் உலகத்தை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். வெள்ளை மிஷனரிக்குப் பங்களா, தனிச் சம்பளம், சமையற்காரர். அதே படிப்புப் படித்த இந்தியர் அவருக்குக் கீழே உதவியாளர். இருவரும் ஒரே நற்கருணையில் பங்கு பெறுவார்கள். ஒரே மேசையில் உண்பது அரிது. திருப்பத்தூரில் இந்த ஏற்பாடு முழுவதையும் தூக்கி எறிந்தார்கள். சம்பளம் இல்லை, திருமணம் இல்லை, கதர் உடை, சைவச் சாப்பாடு. காலையில் ஜெபம், பகலில் நோயாளிகள். தரையில் உட்கார்ந்து எல்லாரும் ஒரே பந்தியில் சாப்பிட்டார்கள். சாதி பார்த்துப் பந்தி பிரிப்பது கிறிஸ்தவக் குடும்பங்களிலும் வழக்கமாக இருந்த காலம் அது. கதர் அணிந்ததற்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1932இல் சென்னை வீதியில் பேட்டன் போலீஸாரிடம் அடிபட்டார். அந்தச் செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது.

ஆசிரமத்தார் கட்டிய ஜெபாலயத்தில் ஐரோப்பியக் கூர்மாடம் கிடையாது. நம்மூர்க் கோயில்போலக் கோபுரத்தோடு எழுந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் தம் மண்ணின் கலையோடு கடவுளைக் கும்பிடலாம் என்பதற்கு அது கல்லில் எழுதிய சாட்சி. இதே வழியில் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950இல் சாந்திவனம் உருவானது. மொன்சானென், அபிஷிக்தானந்தர் என்ற இரு பிரெஞ்சுக் குருக்கள் தொடங்கியதை 1968 முதல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் நடத்தினார். அங்கே காலை வழிபாட்டில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் விபூதி. முன்பின் அறியாதவருக்கு இது திகைப்பைத் தரும். கண்டித்த கிறிஸ்தவர்களும் இந்துக்களும் உண்டு. ஆனால் வழிபாட்டை ஐம்புலனாலும் அனுபவிக்கும் மகிழ்ச்சியைத் தமிழ்க் கிறிஸ்தவத்துக்குத் திருப்பிக் கொடுக்க அவர்கள் விரும்பினார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அக்கரைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆசிரம வாழ்வுக்கான தாகம் சாந்திவனத்துக்கு முன்பே இருந்தது. வசாவிளானை அடுத்த தோலகட்டியில் 1928இல் அருட்தந்தை பி. ஏ. தோமஸ் தொடங்கிய செபமாலைத் தாசர் சபை மௌனமும் செபமும் உடலுழைப்பும் கொண்ட வாழ்வை மேற்கொண்டது. மருதனார்மடத்தில் 1939இல் சேவக் செல்வரத்தினம் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தை நிறுவினார். தோலகட்டித் துறவிகள் கையால் செய்த நெல்லிரசத்தையும் திராட்சை ரசத்தையும் சைவர் வீடுகளிலும் வாங்கி வைப்பார்கள். ஒரு கிறிஸ்தவ மடத்தின் பெயர் பிற சமயத்தார் வீட்டுச் சமையலறையில் பிரியமாகப் புழங்குவது சின்ன விஷயம் அல்ல.

இதுவரை இரு கரையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேறுபாடு தெற்கே, சிங்கள மண்ணில் தொடங்குகிறது.

1957இல் அங்கிலிக்கன் குரு யோகான் தேவானந்த குருநாகலுக்கு அருகே இப்பாகமுவவில் தேவசரணாராமயவை நிறுவினார். முன்னதாகப் புனேயில் கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமத்தில் தங்கியவர் என்பதால் விதை இந்தியாவிலிருந்து போனது என்றே சொல்லலாம். அது முளைத்த விதம் வேறு. பௌத்த ஆராமத்தின் அமைதியோடு தொடங்கிய இடம் சில ஆண்டுகளில் விவசாயிகளின் நிலப் பிரச்சினைக்குள் இறங்கியது. பௌத்தர்களும் மார்க்சியர்களும் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அவர்களோடு சேர்ந்து ஒரு புதிய வழிபாட்டு முறையையும் அமைத்தார்கள். திருப்பத்தூர் மக்களைத் தன்னிடம் வரவழைத்தது. இப்பாகமுவ மக்களின் வழக்குக்குள் போய் நின்றது.

அந்தப் போக்கின் எல்லையை ஊவா மாகாணத்துப் புத்தளையில் பார்க்கிறோம். அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த மைக்கல் ரொட்ரிகோ அடிகளார் 1980இல் அங்கே 'சுபசெத் கெதர' என்ற சிறு வீட்டை அமைத்தார். ஏறக்குறைய முழுவதும் பௌத்தர்கள் வாழும் ஏழைக் கிராமம். 1818 கிளர்ச்சியைப் பிரிட்டிஷார் அடக்கியபோது எரித்து அழித்த வெல்லஸ்ஸ மண் அது. அங்குள்ளவர்கள் மனத்தில் கிறிஸ்தவம் அந்த நெருப்போடு சேர்ந்தே பதிந்திருந்தது. அதனால் அவர் யாரையும் மதம் மாற்றப் போகவில்லை. அயல்வீட்டுக்காரராக வாழ்ந்து, அந்தப் பழைய காயத்துக்கு மருந்திடப் போனார். உடனிருந்த அருட்சகோதரிகள் மூலிகை மருத்துவத்திலும் கிராமத்து இளைஞர்களின் படிப்பிலும் உழைத்தார்கள். கரும்புக் கம்பெனிகளால் நிலமிழந்த விவசாயிகளின் பக்கம் அவர் வெளிப்படையாக நின்றார். 1987 நவம்பர் 10ஆம் தேதி, மாலைத் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

வடக்கிலும் அமைதி நிலைக்கவில்லை. 1990இல் போர் தோலகட்டித் துறவிகளையும் இடம்பெயர வைத்தது. போர் முடிந்த பிறகும் பல ஆண்டுகள் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது.

ஏன் இந்த வேறுபாடு? இந்தியாவில் ஆசிரமம் தொடங்கியவர்களைக் குடைந்த கேள்வி, யாரோடு யார் உட்காரலாம் என்பது. ஆங்கிலேயர் ஆட்சியும் சாதியும் அந்தக் கேள்வியை எழுப்பின. காந்தியின் காலம் விடைக்கு ஒரு வடிவம் கொடுத்தது. நாட்டின் துறவு மரபும் கை கொடுத்தது. காவி கட்டியவருக்கு எந்த ஊரிலும் ஒரு வணக்கம் உண்டு. இலங்கையில் கேள்வி வேறு. விடுதலைக்குப் பின் மொழியும் இனமும் நிலமும் நாட்டைப் பிளந்தபோது, சிங்களரும் தமிழரும் ஒரே பீடத்தின் முன் நிற்கும் திருச்சபை யார் பக்கம் இருக்கிறது என்று கேட்கப்பட்டது. அதற்குப் பந்தியால் விடை சொல்ல முடியாது. ஊருக்குள் குடியேறித்தான் சொல்ல முடியும்.

சபைகளின் இணைப்பிலும் இதே ரேகை ஓடுகிறது. 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தபோது யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் சபைகளும் அதில் சேர்ந்தன. சபாபதி குலேந்திரன் யாழ்ப்பாணத்தின் முதல் பேராயரானார். பாக் நீரிணையைக் கடந்த அந்த இணைப்பு கைகூடியது. இலங்கைக்குள் பல புராட்டஸ்தாந்து சபைகள் ஒன்றாகும் திட்டமோ 1970களில் வழக்கு மன்றத்தில் சிக்கி நின்றுவிட்டது.

இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால், என் மனம் புத்தளைப் பக்கமே சாய்கிறது. அங்கே பிறரன்பு எதையும் பதிலுக்குக் கேட்கவில்லை, உயிரையும் கொடுத்தது. ஆனால் திருப்பத்தூரின் மகிழ்ச்சியை விட்டுவிட்டும் என்னால் பேச முடியவில்லை. பாட்டு, கூட்டு ஜெபம், கோபுரம், ஒரே சோறு என்று அந்த வாழ்வில் ஒரு நிறைவு இருந்தது. போராட்டம் மட்டுமே உள்ள சமூகம் சீக்கிரம் களைத்துப்போகும். வழிபாடு மட்டுமே உள்ள ஆசிரமம் சுற்றுமதிலுக்குள் சுகமாக இருந்துவிடும். தமிழ்நாட்டில் ஆசிரம ஈர்ப்பு தணிந்ததற்கு இந்த இரண்டாவது ஆபத்தும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தலித் கிறிஸ்தவர்கள் கல்லறையில்கூடச் சமஉரிமை கேட்டுப் போராடியபோது, சந்தனமும் விபூதியும் யாருடைய பண்பாடு என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

நம் இறையியல் கல்லூரிகளில் பிற நாட்டு இரத்தசாட்சிகளான பான்ஹோபரைப் படிக்கிறார்கள், ரொமேரோவைப் படிக்கிறார்கள். படிக்கட்டும். கூடவே மதுரையிலும் சென்னையிலும் படிக்கும் மாணவர்கள் மைக்கல் ரொட்ரிகோவைப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படிப்பவர்கள் பெரியண்ணனையும் சின்னண்ணனையும் படிக்க வேண்டும். பாடத்திட்டம் வகுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் அடுத்த கல்வியாண்டிலேயே இதற்கு இடம் கொடுங்கள்.