பாலையா, முல்லையா? ஜொகூர்க் குடும்பங்களின் எல்லைப் பிரிவை அகமரபின் வழி நோக்கல்

முன்னுரை

பிரிவு என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் பாலைத்திணை தோன்றுவது இயல்பு. வேனில், நண்பகல், நீரற்ற வழி, பொருள் தேடிச் செல்லும் தலைவன் என்னும் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். வகுப்பறையில் ஊன்றப்பெற்ற இப்பழக்கம் புலம்பெயர்வு இலக்கியத் திறனாய்விலும் தொடர்கின்றது. வேலைக்காக வீட்டைவிட்டு எவரேனும் சென்றால் அதனைப் பாலை எனப் பெயரிட்டு அமைந்துவிடுகின்றோம். இப்பழக்கம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை அண்மைக்கால நிகழ்வொன்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2020 மார்ச் 18 முதல் 2022 ஏப்ரல் 1 வரை மலேசிய - சிங்கப்பூர்த் தரைவழி எல்லை இயல்பான போக்குவரத்திற்கு மூடப்பட்டிருந்தது. அக்காலத்தில் பெர்மாஸ் ஜெயா முதலிய ஜொகூர் பாருக் குடியிருப்புகளில் பல குடும்பங்கள் இரு கரைகளில் பிரிந்து வாழ்ந்தன. இப்பிரிவைப் பாலையாக மட்டும் படித்தால் குடும்பத்தின் ஒரு பாதி நம் பார்வைக்குத் தப்பிவிடும். முல்லையாகவும் படிக்கும்போதே அதன் அன்றாடம் முழுமையாகப் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

களமும் நிகழ்வும்

ஜொகூர் பாருவின் கிழக்கே, தெப்ராவ் ஆற்றைப் பாலத்தால் கடந்தவுடன் அமைவது பெர்மாஸ் ஜெயா. அதன் தெற்கே நீரிணை. எதிர்க்கரையில் சிங்கப்பூரின் செம்பாவாங். இப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூர் வேலையே வாழ்வாதாரம். ஒரு வெள்ளிக்கு ஏறத்தாழ மூன்று ரிங்கிட் என்னும் நாணய வேறுபாடே இதன் முதற்காரணம். விடியுமுன் எழுந்து மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ பாலம் கடப்பதும், இரவில் வீடு சேர்வதும் பல்லாண்டு வழக்கம். பெருந்தொற்றுக்கு முன் நாள்தோறும் மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் 1924இல் முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலத்தைக் கடந்தனர். ஆகவே, நாளும் பிரிந்து நாளும் கூடுதல் இக்குடும்பங்களின் இயல்பாயிருந்தது.

2020 மார்ச் 16ஆம் நாள் பிரதமர் முகிதீன் யாசின் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். அது நடப்புக்கு வர இடையில் ஒரு முழு நாளே இருந்தது. அந்நாளில் ஆயிரக்கணக்கானோர் கைப்பைகளுடன் சிங்கப்பூருக்குள் சென்றனர். செல்லாதோர் வேலையையும் ஊதியத்தையும் இழக்கும் நிலைக்கு ஆளாயினர். சென்றோர் மீண்டு வரத் தடையில்லை. ஆயின், வந்தால் வேலைக்குத் திரும்ப வழியில்லை. பொருளா இல்லமா என நெஞ்சு இரண்டுபடும் இந்நிலை பாலைக்கே உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அந்த ஒருநாள் முடிவுக்குப்பின் தொடர்ந்தது இரண்டாண்டுக் கால வாழ்வு. அவ்வாழ்வே நம் ஆய்வுக்குரியது.

தொலைவும் காலமும்

பாலைப் பாடல்களின் உயிர்நாடி தொலைவு. மலை பல கடந்து, மொழி வேறான நாட்டிற்குத் தலைவன் செல்கின்றான். தலைவியின் துயரம் அவன் சென்ற வழியின் கொடுமையை எண்ணிப் பெருகுகின்றது. பெர்மாஸ் ஜெயாவில் நிலை வேறு. நீரிணைக் கரையில் நின்றால் பிரிந்தவர் வாழும் நாடு கண்ணுக்குத் தெரியும். பாலத்தின் நீளமோ ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். வழியின் கொடுமையென ஒன்று இங்கில்லை. பிரித்தது தொலைவன்று; மீளும் நாள் இன்னதெனத் தெரியாத காலமே பிரித்தது.

காலத்தை உயிர்ப்பொருளாகக் கொண்ட திணை முல்லை. அதன் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை, உரிப்பொருள் இருத்தல். கார் தொடங்குமுன் மீள்வேன் எனச் சொல்லிச் சென்றவன் சொல்லை நம்பி ஆற்றியிருப்பதே இருத்தல். அது செயலற்ற காத்திருப்பு அன்று. இல்லறத்தை நாளும் நடத்திக்கொண்டே காத்திருத்தல் ஆகும். பெர்மாஸ் ஜெயா இல்லங்களிலும் மாலைப்பொழுதே கடினமான பொழுது. முன்பு வீடு திரும்பும் வண்டியின் ஒலி கேட்ட நேரத்தில், பிரிவுக் காலத்தில் கைப்பேசி அழைப்பு வந்தது. சிறுபொழுதின் பொருள் மாறவில்லை. அதன் ஒலி மட்டுமே மாறியது.

பொய்த்த பருவம்

முல்லைப் பாடல்களில் பருவம் ஓர் உடன்படிக்கை போன்றது. அப்பருவம் ஐயத்திற்குள்ளாகும் இடங்களே அத்திணையின் நுட்பமான இடங்கள். குறுந்தொகை 66ஆம் பாடலில், கொன்றை பூத்ததைக் கண்டு தலைவி கலங்குகின்றாள். தோழியோ, பருவமல்லாத மழையைக் காரென மயங்கி மலர்ந்த மரத்தின் அறியாமை அது என்று தேற்றுகின்றாள். 21ஆம் பாடலில் தலைவியே அப்பொறுப்பை ஏற்கின்றாள். காடே காரென்று கூறினும் நம்பேன், அவர் பொய் சொல்லார் என்பது அவள் நிலை. இரண்டிலும் பருவத்தின் சான்று புறந்தள்ளப்பட்டுத் தலைவனின் சொல் காக்கப்படுகின்றது.

ஜொகூர்க் குடும்பங்களுக்கும் பருவம் குறிக்கப்பட்டது. ஆணை முதலில் மார்ச் 31 வரை எனப்பட்டது. பின்னர் ஏப்ரல் 14, ஏப்ரல் 28, மே 12, ஜூன் 9 என நீண்டது. ஒவ்வொரு நாளும் ஒரு கார்ப்பருவமாக எதிர்பார்க்கப்பட்டுப் பொய்த்தது. 2020 ஆகஸ்ட் 17 முதல், மூன்று மாதம் தொடர்ந்து வேலை செய்தபின் குறுகிய விடுப்பில் வீடு வந்து திரும்ப இடமளிக்கும் ஏற்பாடு நடப்புக்கு வந்தது. அதன்படி முதல் நாளே எல்லை கடந்தவருக்கும் மூன்று மாதம் நிறைவது நவம்பர் 17. அவ்வாண்டுத் தீபாவளியோ நவம்பர் 14. மூன்று நாள் வேறுபாட்டில் பருவம் தப்பியது.

இங்குதான் பழைய மரபும் புதிய வாழ்வும் வேறுபடும் இடத்தைக் காண்கின்றோம். குறுந்தொகைத் தலைவி, மீட்சி தலைவனின் வாய்மையைச் சார்ந்தது என்று நம்பினாள். ஜொகூர்க் குடும்பத்தில் சொன்னவர் பொய்க்கவில்லை. பருவம் அவர் கையில் இல்லை. அது இரு அரசுகளின் அறிவிப்பில் இருந்தது. ஆகவே, தேற்றுவோரின் பணியும் மாறியது. அவர் வருவார் என்று மட்டும் சொன்னால் போதவில்லை. எப்போது விடுவார்கள் என்னும் வினாவுக்கும் விடை வேண்டியிருந்தது. விடையறியாத பாட்டியும் மூத்த மகளும் குறுந்தொகைத் தோழியைப் போலவே, அறிந்தே ஓர் ஆறுதலைப் படைக்க வேண்டியவராயினர்.

முல்லைப்பாட்டு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பத்துப்பாட்டில் குறுகியதாகிய அது 103 அடிகளையுடையது, நப்பூதனார் பாடியது. முதுபெண்டிர் ஊர்ப்புறம் சென்று விரிச்சி கேட்கின்றனர். கன்றுகளின் தாயர் இப்போதே வந்துவிடுவர் என ஆய்மகள் ஆற்றுவிக்கும் சொல்லே நற்சொல்லாகின்றது. தற்செயலாகக் காதில் விழுந்த சொல்லில் மீட்சியின் நாளைத் தேடிய அம்முதுபெண்டிருக்கும், மாலைதோறும் செய்தி அறிக்கையில் எல்லை என்னும் சொல்லுக்காகக் காத்திருந்த பெண்டிருக்கும் உள்ள உறவு வெறும் உவமையன்று. மீட்சியின் நாள் தம் கையில் இல்லாதோர் அனைவரும் கைக்கொள்ளும் நடைமுறை அது.

அப்பாட்டின் பிற்பகுதி பாசறையைக் காட்டுகின்றது. அங்குத் தலைவன் உறங்கவில்லை. ஆயின், அவன் எண்ணுவது புண்பட்ட களிறுகளையும் வீழ்ந்த வீரரையும் புல்லுண்ணாக் குதிரைகளையும் ஆகும். இல்லத்திலிருப்பவள் நினைவில் அவன் நிறைந்திருக்க, அவன் நினைவை வினை நிறைக்கின்றது. வேலைக்காகப் பிரிந்த எந்தக் குடும்பத்திலும் நிகழக்கூடிய இவ்வேறுபாட்டை, குற்றம் சாட்டாமல் இரு பகுதிகளாக அருகருகே வைத்துக் காட்டுவது நப்பூதனாரின் தனித்திறன் எனலாம்.

நடுவே புதல்வன்

பாலையில் குழந்தைக்கு இடமேயில்லை என்று கூற இயலாது. அகநானூறு 5ஆம் பாடலில் தலைவி புதல்வனின் தலையை உயிர்த்து நிற்கும் நிலை கண்டு தலைவன் செலவைத் தவிர்க்கின்றான். ஆயின், அங்குக் குழந்தை செலவைத் தடுக்கும் காரணமாக வருகின்றானேயன்றித் தனக்கென ஒரு நாளை உடையவனாக வரவில்லை. மாறாக, ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதி செவிலிகூற்றுப் பத்துடன் தொடங்குகின்றது. மகளின் இல்லம் கண்டு வந்த செவிலி, இரு மான்களுக்கிடையே குட்டிபோலப் பெற்றோரின் நடுவே புதல்வன் கிடந்த காட்சியைக் கூறுகின்றாள். குழந்தையை நடுவில் வைத்துக் குடும்பத்தைக் காணும் கண் முல்லைக்கே உரியது.

2020 மார்ச் 18இல் பள்ளிகளும் மூடப்பட்டன. இல்லிருப்புக் கற்றலுக்குப் பகலில் பயன்பட்ட அதே கைப்பேசி, மாலையில் தந்தையின் முகத்தைக் காட்டும் கருவியாகப் பல வீடுகளில் அமைந்தது. ஒரு கைப்பேசி, ஒரு பாட்டி, இரு பிள்ளைகள் என்னும் இவ்வன்றாடம் பாலையின் கண்ணுக்குத் தெரியாது. அது சென்றவரின் பின்னேயே செல்லும் கண்.

இலக்கணத்தின் எல்லை

முல்லை அனைத்தையும் விளக்கிவிடும் என்பதும் பிழையாகும். மூன்று இடங்களில் மரபு நமக்குப் போதவில்லை.

முதலாவது, கால வரையறை. தொல்காப்பியக் கற்பியல், கல்விக்காகப் பிரிதல் மூன்று ஆண்டைக் கடவாது என்றும், வேந்தன் வினைக்கான பிரிவும் ஏனைய பிரிவும் ஓராண்டிற்கு உட்பட்டவை என்றும் வரையறுக்கின்றது. எல்லை மூடல் இரண்டாண்டும் பதினான்கு நாளும் நீடித்தது. பொருளுக்காகப் பிரிந்தோரின் பிரிவு, பொருள்வயிற் பிரிவின் எல்லையைக் கடந்தது.

இரண்டாவது, பிரிவோர் யார் என்பது. அகத்திணையியல் கடல்வழிச் செலவில் மகளிரை உடன் கொள்வதில்லை என்கின்றது. சங்கப் பாடல்களில் பொருளுக்காகச் செல்பவன் தலைவன், இருப்பவள் தலைவி. ஜொகூரிலிருந்து சிங்கப்பூர் சென்று உழைப்போரில் தாய்மாரும் உள்ளனர். தாய் பிரிய, தந்தை இருந்து இல்லம் காக்கும் நிலைக்கு நம் இலக்கணத்தில் துறை இல்லை. இருத்தல் பெண்ணின் கற்போடு பிணைக்கப்பட்டதால், ஆணின் இருத்தலுக்குச் சொல்லின்றி நிற்கின்றோம்.

மூன்றாவது, இறப்பு. பெற்றோர் நோயுற்றபோதும் இறந்தபோதும் எல்லை கடக்க இயலாதோர் துயருற்றனர். இத்தகைய பயணத்திற்கான தனி ஏற்பாடு 2021 மே 17 அன்றே தொடங்கியது. அதற்குமுன் நிகழ்ந்த இழப்புகள் முல்லைக்குரியவை அல்ல. அவை நெய்தலின் இரங்கலையும் கடந்தவை.

இவ்வாறு பழைய திணையை இன்றைய வாழ்வின்மேல் ஏற்றலாமா என்னும் வினா எழலாம். அகப்பாடல் நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கூடி அமைந்தது எனத் தொல்காப்பியமே கூறுகின்றது. உலகியல் மாறும்போது திணையின் பயனும் குறையும் ஒருங்கே வெளிப்படுகின்றன. அவ்விரண்டையும் காட்டுவதே திறனாய்வின் கடன்.

மலேசியத் தமிழ் நாவலும் சென்றவர் வழியும்

ஜொகூர்ப் பாலம் முன்பும் ஒருமுறை துண்டிக்கப்பட்டது. 1942 ஜனவரி 31இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படையினர் அதன் ஒரு பகுதியைத் தகர்த்தனர். அதனையடுத்த ஜப்பானிய ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' (1993) அவ்வரலாற்றை நாவலாக்கியது. அதன் பெயரே சென்றோரின் வழியைச் சுட்டுகின்றது. அவ்வழியின் கொடுமையைப் பதிவு செய்வது காலத்தின் கட்டாயமாக இருந்தது. அதனைக் குறையாகக் கூறுதல் தகாது.

ஆயினும், சென்றோரின் வழியையே பிரிவிலக்கியத்தின் அளவுகோலாகக் கொள்வோமானால், தோட்டத்து வரிசை வீடுகளில் எஞ்சி நின்று மரவள்ளி நட்டுப் பிள்ளைகளைக் காத்தோரின் ஆண்டுகள் பின்புலமாகவே நின்றுவிடும். அத்தலைமுறையின் அன்றாடத்தைக் கேட்டுப் பதிவு செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் கடந்துவிட்டது. 2020 - 2022இன் அன்றாடத்தை அறிந்தோர் இன்று நம் வகுப்பறைகளிலேயே உள்ளனர்.

முடிவுரை

2021 நவம்பர் 29இல் தடுப்பூசி பெற்றோருக்கான தரைவழிப் பயணம் தொடங்கியபோது, பேருந்துவழி நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் 1,440 பேருக்கே இடம் கிடைத்தது. 2022 ஏப்ரல் 1ஆம் நாள் பிறந்த நள்ளிரவில் எல்லை திறந்தபோது மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் பாலம் கடந்தன. வினைமுற்றி மீளும் தலைவன் தேரை விரைந்து செலுத்தப் பாகனை வேண்டும் முல்லைத்துறையை மாணவர்க்கு விளக்க இதனினும் அண்மையான சான்று வேண்டியதில்லை.

அகப்பாடலில் எவர் பெயரும் சுட்டப்படுவதில்லை. அதனாலேயே பெர்மாஸ் ஜெயாவின் எந்த வீடும் அதற்குள் இடம்பெற முடிகின்றது. ஜொகூர் மாணவனிடம் முல்லையின் உரிப்பொருள் யாது என வினவும் ஆசிரியர், அவன் வீட்டில் அவ்விரண்டாண்டு எவ்வாறு கழிந்தது என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். இருத்தல் என்னும் சொல்லுக்கு உரைகாரர் தந்த பொருளுடன் அவன் தரும் பொருளும் சேர்த்தெழுதத் தக்கதாகும்.