சோதனை வீச்சு: ஓர் அளவுகோலின் தகுதியும் தகுதியின்மையும்

கணனிச் செய்நிரல் ஒன்று பிழையின்றி இயங்குகின்றதா என அறிவதற்கு அதற்கெனச் சோதனைகள் எழுதப்படுகின்றன. அச்சோதனைகள் போதியனவா என்ற வினா அடுத்து எழுகின்றது. இவ்வினாவுக்கு இன்று பெரும்பாலும் ஓர் எண்ணே விடையாகத் தரப்படுகின்றது. சோதனைகள் ஓடும்போது செய்நிரலின் வரிகளுள் எத்தனை வரிகள் ஒரு தடவையேனும் இயங்கின என்பதைக் கருவியொன்று கணக்கிட்டு, நூற்றுக்கு இத்தனை எனக் கூறிவிடுகின்றது. கணனித் துறையினர் 'கவரேஜ்' என வழங்கும் இதனை இக்கட்டுரையிற் 'சோதனை வீச்சு' எனக் குறிப்போம். எண்பது வீதம், தொண்ணூறு வீதம் என எல்லை வகுத்து, அதனை எட்டாத செய்நிரலை ஏற்க மறுக்கும் வழக்கம் தொழில் நிறுவனங்கள் பலவற்றிற் பரவியுள்ளது. மாணவர் ஒப்படைகளுக்குப் புள்ளியிடும் இடத்திலும் இவ்வெண் எட்டிப்பார்க்கின்றது. ஆகவே இஃது எதனை அளக்கின்றது, எதனை அளக்கவில்லை என ஆராய்தல் அவசியமாகின்றது.

இவ்வெண்ணம் புதியதன்று. செய்நிரற் பிழைகளை முறைப்படி தேடுவது பற்றி மில்லர், மலோனி ஆகிய இருவர் 1963 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையே இத்துறையின் தொடக்கமெனக் கருதப்படுகின்றது. அதன் பின்னர் வீச்சுப் பல வகையாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் எளியது வரி வீச்சு. அதன் குறையை உணர்த்த ஒரு சிறு உதாரணம் போதும். நூலகத் தண்டம் கணக்கிடும் செய்நிரலொன்று, 'நூல் தாமதமாகத் திரும்பியிருப்பின் தண்டத்தைக் கணக்கிடுக. பின்னர் தண்டத்தை அச்சிடுக' என அமைந்துள்ளதெனக் கொள்வோம். தாமதமாக வந்த ஒரு நூலை வைத்துச் சோதித்தால் எல்லா வரிகளும் இயங்கிவிடும்; வீச்சு நூறு வீதம். ஆனால் உரிய நாளிலே நூலைத் திருப்பித் தந்தவருக்குத் தண்டம் என்ற மாறிக்குப் பெறுமானமே வழங்கப்படவில்லை. அவருக்கு எது அச்சாகும் என்பதை எவரும் பார்க்கவில்லை.

இக்குறையை நீக்க வந்தது கிளை வீச்சு. ஒவ்வொரு நிபந்தனையும் உண்மையாகவும் பொய்யாகவும் ஒவ்வொரு தடவையேனும் அமைதல் வேண்டும் என்பது அதன் விதி. அதுவும் முழுமையன்று. ஒன்றன்பின் ஒன்றாக இருபது நிபந்தனைகள் கொண்ட செய்நிரலுக்கு, யாவும் உண்மையாகும் ஒரு சோதனையும் யாவும் பொய்யாகும் ஒரு சோதனையுமாக இரண்டே சோதனைகள் நூறு வீதத்தைத் தந்துவிடலாம். அச்செய்நிரலிலுள்ள பாதைகளோ 1,048,576. விமானங்களில் இயங்கும் மிக அபாயகரமான தரத்துச் செய்நிரல்களுக்கு, 1992 இல் வெளிவந்த டி.ஓ.–178பி என்னும் நியமமும் 2011 இன் இறுதியில் அதன் இடத்தைப் பிடித்த 178சி நியமமும் இன்னும் கடுமையானதொரு வீச்சை விதித்துள்ளன. ஒரு முடிவினுள் அடங்கும் ஒவ்வொரு நிபந்தனையும் தனித்துநின்று அம்முடிவை மாற்றவல்லது எனக் காட்டல் வேண்டும். நான்கு நிபந்தனைகளுக்குப் பதினாறு சேர்க்கைகளையும் சோதியாது, குறைந்தது ஐந்து சோதனைகளால் இதனை நிறைவேற்றலாம்.

இவ்வளவுகோலால் விளையும் பயனை மறுப்பதற்கில்லை. 2014 பெப்ரவரியில் அப்பிள் நிறுவனம் தனது கருவிகளின் பாதுகாப்பு இணைப்புச் செய்நிரலில் ஒரு பெரும் ஓட்டையை அடைக்க நேர்ந்தது. 'வெளியேறு' என்ற பொருளில் வரும் ஒரு வரி தவறுதலாக இருமுறை எழுதப்பட்டிருந்தது. இரண்டாவது வரி எந்த நிபந்தனைக்கும் உட்படாமையால், அதற்குக் கீழிருந்த கையொப்பச் சரிபார்ப்பு ஒருபோதும் இயங்கவில்லை. வரி வீச்சை அளந்து, இயங்காத வரிகள் எவை என ஒருவர் பார்த்திருந்தாற்கூட இப்பிழை கண்முன் நின்றிருக்கும். இங்கே நமக்கு உதவுவது வீச்சின் எண்ணன்று, வீச்சின் எச்சம் என்பது நோக்கற்பாலது. இயங்காத வரியைப் பற்றி நாம் ஒன்றை உறுதியாக அறிகின்றோம்: அது சோதிக்கப்படவில்லை. இயங்கிய வரியைப் பற்றி அவ்வாறு எதனையும் உறுதியாகக் கூறமுடியாது. எண்பது வீதம் எனப் பெருமையோடு அறிவிக்கும் அறிக்கையில், படிக்கத்தக்க பகுதி எஞ்சிய இருபது வீதமேயாம்.

அதே 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட 'ஹாற்பிளீட்' என்னும் பிழை இதற்கு மறுதலையானது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற செய்நிரற் தொகுதியில், எதிர்த்தரப்பு 'இத்தனை எழுத்துக்கள் அனுப்பியுள்ளேன்' எனக் கூறுவதை மெய்யென நம்பி, அத்தனை எழுத்துக்களை நினைவகத்திலிருந்து திருப்பி அனுப்பும் பகுதியொன்று இருந்தது. கூறிய அளவும் வந்த அளவும் ஒன்றா எனப் பார்க்கும் நிபந்தனை அங்கே எழுதப்படவேயில்லை. எழுதப்படாத வரியை எந்தக் கருவி எண்ணும்? இருக்கும் வரிகள் யாவும் இயங்கியிருப்பினும் இல்லாத வரியின் குறை வீச்சுக் கணக்கிற் புலப்படாது.

இப்பிழைகள் தூரத்து நிறுவனங்களுக்குரியன எனத் தமிழ் மாணவர் ஒதுக்கிவிடலாகாது. ஒரு சொல்லிலுள்ள எழுத்துக்களை எண்ணும் சிறு செய்நிரலொன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலச் சொற்கள் நான்கைந்தை இட்டுச் சோதித்தால் அதன் எல்லா வரிகளும் எல்லாக் கிளைகளும் இயங்கும். விடையும் சரியாகவே வரும். அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் மூன்று எனக் கூறாது ஐந்து எனக் கூறக்கூடும். யூனிகோட் முறையில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கப்பட்டிருப்பதே காரணம். அச்சொல்லைப் பின்னிருந்து முன்னாகத் திருப்புமாறு பணித்தால், புள்ளி முதலில் வந்து எந்த எழுத்தின் மீதும் ஏறாது அந்தரத்தில் நிற்கும். வரிகள் குறையவில்லை, வீச்சுக் குறையவில்லை, உள்ளீடே குறைந்தது. நம் மொழியிற் பெயர் எழுதும் ஒருவருடைய விண்ணப்பம் ஏதோ ஒரு படிவத்திற் சிதைந்து வெளிவரும்போது, அப்படிவத்தின் சோதனை அறிக்கையில் வீச்சு நூறு வீதமாகவே இருந்திருத்தலும் கூடும்.

இதே உண்மையின் பெரும்பொருட்செலவான வடிவம் 1996 யூன் 4 ஆம் நாள் பிரெஞ்சுக் கயானாவின் கூரூவில் நிகழ்ந்தது. ஏரியான் 5 ஏவூர்தி தனது முதற் பயணத்தில், புறப்பட்டு ஒரு நிமிடம் ஆகுமுன்னரே வழிதவறிச் சிதறியது. ஏரியான் 4 இலிருந்து பெறப்பட்ட செய்நிரலில், 64 பிட் தசம எண்ணொன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்படும் இடத்தில் அதன் பெறுமானம் எல்லையை மீறியது. பழைய ஏவூர்தியின் பயணங்களில் அதே பகுதி குறையேதுமின்றி இயங்கி வந்திருந்தது. புதிய ஏவூர்தியின் பாதையில் கிடைநிலை வேகம் பெரிதும் கூடுதலாயிருந்தது. அப்பாதையின் தரவுகளைக் கொண்டு அச்செய்நிரல் சோதிக்கப்படவில்லை என லியோன்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு குறிப்பிட்டது. இன்னுமொன்று: பிழை விளைந்த அப்பகுதிக்கு ஏரியான் 5 மேலெழுந்த பின்னர் செய்வதற்கு வேலையே இருக்கவில்லை.

வீச்சுக்கும் பிழை காணும் திறனுக்கும் உள்ள உறவை இனொசெம்ற்சேவா, ஹோம்ஸ் ஆகிய இருவரும் 2014 இல் அளந்து பார்த்தனர். ஜாவா மொழியில் அமைந்த ஐந்து பெரிய செய்நிரல்களுக்கு 31,000 சோதனைத் தொகுதிகளை ஆக்கி ஒப்பிட்டபோது, சோதனைகளின் எண்ணிக்கையைச் சமமாக வைத்து நோக்கினால் அவ்வுறவு குறைந்ததாகவோ நடுத்தரமானதாகவோ மட்டுமே இருந்தது. இதனை வைத்து வீச்சே வேண்டா என்போர் அவசரப்படுகின்றனர். அவ்வாய்வு மறுப்பது வீச்சைத் தர இலக்காகக் கொள்வதையேயன்றி, சோதியாத இடத்தைக் காட்டும் விளக்காகக் கொள்வதை அன்று.

எண் இலக்காக மாறும்போது நேர்வது யாவரும் அறிந்ததே. செய்நிரலை இயக்கிவிட்டு விடை சரியா என ஒப்பிடாமலே முடியும் சோதனைகள் எழுதப்படுகின்றன. கருவிக்கு இவ்வேறுபாடு தெரியாது. வரி இயங்கியது, அவ்வளவே. வினாத்தாளை முழுவதும் வாசித்த மாணவனுக்கு விடையைப் பாராது நூறு புள்ளி வழங்குவதை ஒத்தது இது.

முழு வீச்சையும் நேர்மையாக எட்டியவர்களும் உளர். எஸ்.கியூ.லைற் என்னும் தரவுத்தளச் செய்நிரலின் ஆக்குநர்கள், விமானத் துறையின் கடுமையான வீச்சையே தமது மையப் பகுதிக்கு நூறு வீதம் பேணுகின்றனர். செய்நிரலைப்போற் பலநூறு மடங்கு நீளமான சோதனை வரிகள் அதற்குண்டு. ஆயினும் தாறுமாறான உள்ளீடுகளைத் தானே ஆக்கித் தரும் கருவியொன்று 2015 இல் அதிலும் பல பிழைகளை வெளிக்கொணர்ந்தது. சுவையான செய்தி யாதெனில், அக்கருவியும் வீச்சையே பயன்படுத்துகின்றது. புதிய கிளையைத் தீண்டும் உள்ளீட்டை வைத்துக்கொண்டு மேலும் தேடுகின்றது. அங்கே வீச்சு புள்ளியன்று, வழிகாட்டி.

சோதனையையே சோதிக்கும் வேறொரு முறையை டிமிலோ, லிப்ரன், சேவார்ட் ஆகியோர் 1978 இல் முன்வைத்தனர். செய்நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளை இட்டு, சோதனைகள் அவற்றைப் பிடிக்கின்றனவா எனப் பார்ப்பது அது. விடையை ஒப்பிடாத வெற்றுச் சோதனைகள் இங்கு உடனே அகப்படும். எனினும் ஒவ்வொரு பிழைக்கும் சோதனைகளை மீண்டும் ஓட்டவேண்டியிருத்தலால் நேரச் செலவு மிகுதி. மேலும், இடப்பட்ட மாற்றங்களுட் சில செய்நிரலின் நடத்தையை எவ்விதத்திலும் மாற்றாதவை. அவற்றை எந்தச் சோதனையும் பிடிக்க இயலாது. இவற்றை எப்போதும் பிழையின்றிப் பிரித்தறியும் பொதுவழி ஒன்று இல்லை. பிடிபடாத மாற்றங்களை ஒவ்வொன்றாகப் படித்து, இது சோதனையின் குறையா அன்றி மாற்றமே அல்லாத மாற்றமா எனத் தீர்மானிப்பது இன்றும் பெரும்பாலும் மனிதரின் வேலையாகவே உள்ளது.