‘புதிய பாதை’யும் பழைய பிரமாணமும்

அண்மையில் பிரசங்கப் பயிற்சி வகுப்பொன்றில் மாணவர் ஒருவர் கிருபையைக் குறித்து அருளுரையாற்றுகையில், ‘புதிய பாதை’ என்னும் திரைப்படத்தின் கதையை எடுத்துக்காட்டாகக் கூறினார். தன்னைக் கெடுத்தவனையே தேடிச் சென்று, மணந்து, நல்வழிப்படுத்திய பெண்ணிடத்தில் கிறிஸ்துவின் அன்பைக் காணலாம் என்பது அவர் கருத்து. உடன் பயிலும் மாணவர்கள் பாராட்டினர். நாமும் அவ்வேளையில் மறுத்துரைக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

1989-இல் பார்த்திபன் முதன்முதலாக இயக்கித் தாமே கதாநாயகனாகவும் நடித்த படம் இது. தமிழில் அவ்வாண்டின் சிறந்த படத்துக்குரிய தேசிய விருதைப் பெற்றது. மனோரமாவுக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதும் இதனாலேயே கிடைத்தது. கூலிக்கு எதையும் செய்யும் அநாதை அடியாள் ஒருவன். அவனால் வன்புணரப்பட்டுத் திருமணம் தடைப்பட்ட பெண்ணாகச் சீதா. அவள் அவன் வாழும் குடிசைப் பகுதிக்கே வந்து தங்கி, அவனுக்கு மனைவியாகி, அவனை மனிதனாக்குகிறாள்.

படம் பெற்ற புகழ் முற்றிலும் தகாதது என்று நாம் சொல்லமாட்டோம். அக்காலப் படங்கள் பலவற்றில் கதாநாயகனின் தங்கை கெடுக்கப்படுவாள். உடனே கிணற்றிலோ தூக்கிலோ உயிர் விடுவாள். எஞ்சிய சுருள்களெல்லாம் அண்ணனின் பழிவாங்கலுக்கே. அவளுடைய சாவு, கதையைப் பற்றவைக்கும் தீக்குச்சி, அவ்வளவே. ‘புதிய பாதை’யின் பெண்ணோ சாக மறுக்கிறாள், வெட்கப்பட வேண்டியவன் அவனே என்று நிமிர்ந்து நிற்கிறாள். கல்லூரி மாணவராய் அரங்கில் அமர்ந்து கைதட்டியவர்களுள் நாமும் ஒருவர்.

ஆயினும் இந்தப் படம் யாருடைய ஆத்துமாவைப் பற்றியது? அவனுடையதைப் பற்றியது. அவன் கெட்டதற்குக் காரணம் காட்டப்படுகிறது. அவன் திருந்துவது படிப்படியாய்ச் சொல்லப்படுகிறது. அவளுக்கும் ஆற வேண்டிய காயம் ஒன்று உண்டு என்பது, அவன் திருந்தத் திருந்த மறக்கப்படுகிறது. அவனுடைய இரட்சிப்புக்கு அவள் கருவி. (நம் நாளேடுகள் நெடுங்காலம் வழங்கிய ‘கற்பழிப்பு’ என்னும் சொல்லும் இத்தகையதே. அவன் செய்த கொடுமையை அன்று, அவள் இழந்ததாகக் கருதப்பட்டதையே அது பெயராக்கியது.)

இம்முடிவு திரையுலகில் பிறந்ததன்று. நியமிக்கப்படாத கன்னிகையைப் பலவந்தம் செய்தவன் அவள் தகப்பனுக்கு ஐம்பது வெள்ளிக்காசு கொடுத்து அவளை மனைவியாக்கிக்கொள்ளவேண்டும், உயிருள்ளளவும் தள்ளிவிடலாகாது என்று உபாகமம் 22 விதிக்கிறது. ஆணுக்கு அது தண்டனையே. தள்ளும் உரிமையை அவன் இழக்கிறான். வசப்படுத்தப்பட்ட பெண்ணைப் பற்றிக் கூறும் யாத்திராகமம் 22, தகப்பன் மறுக்கலாம் என்றும் இடமளிக்கிறது. இரண்டிலும் அவளை எவரும் கேட்கவில்லை. 2 சாமுவேல் 13-இல் தாமார் தன்னைத் துரத்திவிடவேண்டாமென்று அம்னோனிடம் மன்றாடுவதை எடுத்துக்காட்டி, ‘பார்த்தீர்களா, அவளே அவனோடிருக்க விரும்பினாள்’ என்று பிரசங்கிப்போர் உளர். வேறு கதவெல்லாம் அடைக்கப்பட்டவளின் மன்றாட்டை விருப்பம் என்று வாசிப்பது எவ்வளவு கொடிது! அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்கிறான். தாவீது கோபங்கொள்கிறான், அதற்குமேல் ஒன்றும் செய்தானில்லை.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குவதற்கில்லை. 2015 ஜூன் மாதத்தில், கடலூர் மாவட்ட வழக்கொன்றில் சிறுமியைக் கெடுத்ததற்காகத் தண்டிக்கப்பட்டிருந்தவனுக்கு, அவளோடு சமரசம் பேசும்பொருட்டுச் சென்னை உயர்நீதிமன்றம் ஜாமீன் வழங்கியது. அந்தப் பெண் சமரசத்துக்கு உடன்படவில்லை. ஜூலை முதல் நாளில் உச்சநீதிமன்றம், மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றைத் தீர்க்கையில், இத்தகைய குற்றத்தில் சமரசத்துக்கே இடமில்லை என்று கண்டித்துரைத்தது. சென்னை உத்தரவும் அம்மாதமே திரும்பப் பெறப்பட்டது. திரையரங்கில் நாம் கைதட்டிய முடிவு நீதிமன்றத்துக்கும் வந்து சேர்ந்திருந்தது.

மனந்திரும்புதலுக்கு நற்செய்தி நூல் காட்டும் மாதிரி சகேயு. அவன் தான் வஞ்சித்தவர்களுக்கு நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க முன்வருகிறான். வஞ்சிக்கப்பட்டவர்கள் அவனைத் திருத்தும்படி தங்கள் மிச்சப் பொருளையும் அவனுக்குக் கொடுக்கவில்லை. மன்னிப்பு வேறு, மணவாழ்வு வேறு. தன்னைக் கெடுத்தவனை ஒரு பெண் மனதார மன்னிக்கலாம். அதனாலேயே அவனுக்குச் சோறு சமைத்துப் போடக் கடமைப்பட்டவள் ஆகமாட்டாள். 1 பேதுரு 3-ஐக் காட்டி, பொறுமையால் அவனை ஆதாயப்படுத்து என்று அவளுக்குப் போதிக்கும் நாம், அவனுக்கு என்ன போதித்தோம்?

மாணவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. ஊழியம் தொடங்கிய புதிதில், பலவந்தம் செய்யப்பட்டதாக ஊரறிந்த ஒரு பெண்ணையும் அதனைச் செய்தவனையும் முன்னிட்டுச் சேகரத்துப் பெரியவர்கள் நம்மிடம் வந்தனர். “ஐயா, ஓலை வாசித்துவிட்டால் ஊர் வாய் அடங்கிவிடும்” என்றார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தோம். தடை சொல்வார் எவருமில்லை. திருமண ஒழுங்கில் மணமகளின் சம்மதத்தைக் கேட்கும் இடம் வந்தது, கேட்டோம். அவள் உதடுகள் அசைந்தன, ஒலி கேட்கவில்லை. அடுத்த பகுதிக்குச் சென்றோம்.

மாற்றலாகிப் பல ஆண்டுகளுக்குப் பின் ஆராதனை நடத்த அவ்வூருக்குச் சென்றபோது அவர்கள் வீட்டுக்கும் ஜெபிக்கப் போனோம். “தோத்திரம் ஐயா” என்று அவன் எதிர்கொண்டு வந்தான். குடியை விட்டுவிட்டதாகவும், சபைக் கமிட்டியில் இருப்பதாகவும் மகிழ்ச்சியோடு கூறினான். பொய்யில்லை, உண்மையாகவே திருந்தியிருந்தான். திண்ணையோரம் நின்றிருந்த அவள் நம்மைக் கண்டதும் உள்ளே சென்றுவிட்டாள். ஜெபம் முடியும்வரை வெளியே வரவில்லை.