ஒரு சித்திரக் கொப்பியை முன்வைத்து

எமது புலம்பெயர் சஞ்சிகைகளையும் ஆண்டு மலர்களையும் தமிழ்ப் பாடசாலை விழா அழைப்பிதழ்களையும் யாராவது சேர்த்து வைத்திருந்தால், அவற்றின் அட்டைகளை மட்டும் ஒருமுறை நிலத்தில் பரப்பிப் பாருங்கள். ஒரு பனை. பனைக்குப் பின்னால் பாதிச் சூரியன். முட்கம்பி. தலையில் கைவைத்த தாய். முப்பது வருடங்களுக்கு மேலாக இதே பனைதான். அது வடலியா, பாளை சீவும் மரமா, காவோலை தொங்குகிறதா, ஷெல் பட்டு வட்டுப் போன மரமா என்று எதுவும் அதில் தெரியாது. ஏனெனில் வரைந்தவர் ஒரு மரத்தையும் பார்த்து வரையவில்லை. இன்னொரு அட்டையிலிருந்த பனையைப் பார்த்து வரைந்திருக்கிறார். அது மரமல்ல, தபால்கந்தோர் முத்திரை.

இந்த எரிச்சல் எனக்குப் புதிதல்ல. ஆனால் எழுதவேண்டும் என்று தோன்றியது சென்ற மாரியில் ஒரு கொப்பியைப் பார்த்த பிறகுதான். பேர்கன் பல்கலைக்கழகத்தின் கலைப் பீடத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, சனி ஞாயிறுகளில் நான் சமைக்கும் றெஸ்ரோறன்ரில் பரிமாற வருவாள். இங்கேயே பிறந்தவள். பெயர் வேண்டாம் என்றாள். கொப்பியைப் பற்றி எழுதலாம், ஆனால் "புழுகி எழுதாதேங்கோ அண்ணா" என்றாள். அதைக் காப்பாற்ற முயல்கிறேன்.

முதல் பதினைந்து பக்கங்கள் குழந்தை கிறுக்கியது போலிருக்கும். கதிரையின் கால் எங்கோ போகிறது, கோப்பையின் வாய் மூடவில்லை. இது ஒரு பயிற்சியாம். காகிதத்தைப் பாராமல், பொருளையே பார்த்து, பென்சிலை எடுக்காமல் அதன் விளிம்பைக் கீறுவது. நியூயோர்க்கில் வரைதல் கற்பித்த கிமோன் நிக்கோலைடிஸ் என்பவர் இதைப் பரவலாக்கினார். அவர் 1938இல் இறந்தபின், 1941இல்தான் அவருடைய பாடநூல் வெளிவந்தது. பென்சில் முனை காகிதத்தில் அல்ல, பொருளின் மேலேயே ஊர்வதாக நினைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. இடைவேளையில் நானும் ஒரு அகப்பையை இப்படிக் கீறிப் பார்த்தேன். பன்னிரண்டு வருடமாகக் கையில் பிடித்த அகப்பை. அதன் பிடி நடுவில் இலேசாக முறுகியிருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன். எமது ஊர்ச் சித்திரப் பாடத்தில் கண்ணுக்கு இப்படியொரு வேலை தந்ததாக எனக்கு ஞாபகமில்லை. பொங்கல் காட்சி, கோயில் திருவிழா, பரீட்சைக்கு ஒரு குடமும் இரண்டு கத்தரிக்காயும், அவ்வளவுதான்.

பிறகு பொருட்கள் மாறுகின்றன. பாதி வெட்டிய வெங்காயம், கூர் சீவிய வன்பென்சிலில், தோலுக்குத் தோல் கோட்டின் அழுத்தம் வேறு. அடுக்கிய சட்டிகள் கரியில். சட்டிகளை அல்ல, சட்டிகளுக்கு இடையிலிருந்த வெளிகளைக் கறுப்பாக்கியிருக்கிறாள், சட்டிகள் தாமாக வந்து நிற்கின்றன. இன்னொரு பக்கம் முழுவதும் கரி பூசி, பிசைந்து உருட்டக்கூடிய அழிறப்பரால் ஒற்றி ஒற்றி எடுத்திருக்கிறாள். சோற்றுப் பானையின் ஆவி. ஆவியை அவள் கீறவில்லை, இருட்டை எடுத்துவிட்டாள். மழைப் பக்கங்கள் மையில். வருடத்தில் இருநூறு நாட்களுக்கு மேல் மழை பெய்கிற ஊரில் வெளியே நின்று கீறினால் தாள் ஊறிவிடும், மை தன்பாட்டில் ஓடும். ஓடவிட்டிருக்கிறாள். கோப்பை கழுவுகிறவரின் கைகள் மண்ணிறச் சோக்கில், விரல் நுனிகள் ஊதித் தோல் சுருங்கியபடி. 'கோப்பை கழுவினோம்' என்று எமது கதைகளில் ஆயிரம் தரம் எழுதிவிட்டோம். அந்தக் கை எப்படி இருக்கும் என்பதை நான் முதலில் கண்டது இந்தத் தாளில்தான்.

குறைகளும் உண்டு. முகங்களில் அவசரப்படுகிறாள், எல்லா முகமும் கொஞ்சம் வடிவாகிவிடுகிறது. கரியைக் கையால் தேய்ப்பதில் ஒரு மோகம் வந்திருக்கிறது. கரியைத் தேய்த்தால் எதுவும் துயரமாகத் தெரியும், ஒரு வாளிகூட. எமது கவிதைகளில் 'இரவு', 'குருதி' என்ற சொற்கள் செய்யும் மலிவான வேலையை இங்கே விரல் செய்கிறது. பின்பாதியில் ஏழெட்டுப் பக்கங்கள் இப்படிக் கெட்டுப்போயிருக்கின்றன.

அவளுடைய தகப்பன் எண்பதுகளில் வந்தவர். பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் நின்றுவிட்டுப் பிறகு பேர்கனுக்கு இறங்கியவர். ஒரு நாள் மகளைக் கூட்டிப்போக வந்தபோது கொப்பியைப் புரட்டினார்.

"எல்லாம் நல்லாத்தான் கிடக்கு. ஆனா எங்கட சாமான் ஒண்டும் இல்லையே பிள்ளை?"

"நான் பாக்காததை எப்பிடியப்பா கீறுறது?"

ஊருக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள், மூன்று மூன்று கிழமை. கொப்பி கொண்டுபோகவில்லை. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் விழுந்துவிட்டது. அந்த முகத்தை லேசாகத் தள்ளிவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

இந்தக் கேள்வியோடுதான் நகர நடுவில் குளக்கரையிலுள்ள கூடெ அருங்காட்சியகத்துக்குத் திரும்பவும் போனேன். அங்கே யுகான் கிறிஸ்தியன் டால் வரைந்த 'புயலில் ஒரு பேர்ச் மரம்' இருக்கிறது, 1849ஆம் ஆண்டுப் படம். பாறை விளிம்பைக் கவ்விக்கொண்டு, காற்றில் ஒரு பக்கமாக வளைந்த வெள்ளைத் தண்டு. நோர்வேக்காரருக்கு இது ஏறத்தாழ எங்களுடைய பனை. பலர் இதைத் தேச அடையாளமாகப் பார்ப்பார்கள். ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது, மரம் எத்தனை காலமாக இப்படி வளைந்து பழகியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரிகிறது. முத்திரையில் தெரியாது.

டால் 1788இல் இங்கே ஒரு மீனவருக்குப் பிறந்தவர். 1803இலிருந்து ஒரு அலங்கார ஓவியரிடம் தொழில் பழகினார். கற்றதைவிட உழைத்துக் கொடுத்ததே அதிகம் என்ற கசப்பு அவருக்குப் பின்னாளில் இருந்தது. நகரத்தவர் சிலர் காசு சேர்த்து 1811இல் அவரைக் கொப்பன்ஹேகன் அக்கடமிக்கு அனுப்பினார்கள். அங்கே ரைஸ்டால், எவர்டிங்கன் ஆகிய ஒல்லாந்த ஓவியர்களின் படங்கள் அவரைப் பிடித்துக்கொண்டன. இதிலொரு வேடிக்கை. எவர்டிங்கன் 1644இல் ஸ்கண்டிநேவியாவைச் சுற்றிப் பார்த்தவர். ரைஸ்டால் இந்தப் பக்கமே வராதவர். மற்றவரின் படங்களைப் பார்த்தே வடநாட்டு நீர்வீழ்ச்சிகளை வரைந்தவர். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் பேர்கன் பையன் நோர்வே நிலக்காட்சி வரையப் பழகினான். கடற்கரையில் வளர்ந்த அவர் உள்நாட்டின் உயர்மலைகளை அதுவரை கண்டதில்லை. அவரும் அட்டையைப் பார்த்துப் பனை வரைந்தவர்தான்.

அதிலிருந்து வெளியே வந்ததற்கு ஒரு காரணம் 1826இல் கொப்பியோடு நாடு திரும்பி மலைகளில் அலைந்தது. இன்னொன்று, எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அதற்கு முன்பே இருந்த பழக்கம். 1818இல் ஜேர்மனியின் டிறெஸ்டனுக்குப் போய்ச் சாகும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1823இலிருந்து எல்ப ஆற்றங்கரையில் ஓவியர் காஸ்பர் டாவிட் பிறீட்றிக்குடன் ஒரே வீட்டில் குடியிருந்தார். அங்கே அவர் செய்த மிகச் சிறந்த வேலைகளில் சில சின்னத் தாள்களில் வரைந்த முகில்கள். டிறெஸ்டன் வானத்து முகில்கள், நோர்வே முகில்கள் அல்ல. கண்ணுக்கு முன்னால் கிடந்த அந்நிய வானத்தை அப்படிப் பார்த்தவரால்தான் கண்ணுக்கு எட்டாத மரத்தையும் வரைய முடிந்தது. அந்தப் பேர்ச் மரத்தை அவர் வரைந்த 1849இல் நோர்வேயில் இருக்கவில்லை. டிறெஸ்டன் தெருக்களில் அந்த வருடம் மே மாதம் தடையரண் கட்டிச் சண்டை நடந்தது.

ஒப்பீட்டை இழுத்துக்கொண்டே போக நான் விரும்பவில்லை. டால் அகதியல்ல. ஐந்து தரம் ஊருக்கு வந்து போனவர், விசாவுக்கு நின்றவரல்ல. அவருடைய எலும்புகளைக்கூட 1934இல் பேர்கனுக்குக் கொண்டுவந்து சேமக்காலையில் வைத்தார்கள். எங்களில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்?

அண்ணையின் பக்கத்துக்கு நியாயம் செய்யும் வேலை ஒன்று எம்மவரிடமிருந்தே வந்திருக்கிறது. யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனனின் 'முற்றுப்பெறாத தோம்பு', 2011இல் ஆங்கிலத்தில் வந்த நூல். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த சனங்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் நிலப்படத்தை ஞாபகத்திலிருந்து கீறச் சொல்லி வாங்கினார். அதைக் கட்டடக்காரர் முறைப்படி திருப்பிக் கீறினார். அதன் பக்கத்தில் ஓவியரின் சொந்தச் சித்திரம் ஒன்று. உண்மையைச் சொன்னால் எனக்கு முதலாவதுதான் பெரிது. பென்சில் பிடித்துப் பழகாத கை, கோடு கோணல், ஆனால் ஒவ்வொரு வாசலும் தெரிந்து வைத்த வாசல். அங்கே முத்திரை கிடையாது. மாமரத்தை வட்டமாகப் போட்டாலும், அது எந்த மாமரம் என்று போட்டவருக்குத் தெரியும். ஞாபகமும் ஒரு பார்வைதான், அவசரப்படாவிட்டால்.

ஆக, பிள்ளை பார்க்காததைக் கீற மறுப்பது சரி. அண்ணை கேட்கவேண்டியது மகளிடம் அல்ல. இதை அவரிடம் இவ்வளவு துணிவாகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு கடை பூட்டும் நேரம் தோம்பு பற்றிச் சொன்னேன், அவ்வளவுதான். அவருடைய வீடு வலிகாமம் வடக்கில், 1990இல் சனம் வெளிக்கிட்டபின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. காணி விட்டபோது வீடு இருக்கவில்லை. ஓடர் எழுதும் துண்டொன்றைக் கிழித்துக் கீறத் தொடங்கினார். விறாந்தை, அறை இரண்டு, குசினி. குசினி வாசலில் நின்றுவிட்டது. அது கிணற்றைப் பார்த்ததா, வேலியைப் பார்த்ததா? கனடாவிலிருக்கும் தமக்கைக்கு ரெலிபோன் எடுத்தார். அங்கே பின்னேரம். இருவருக்கும் துலா நின்ற பக்கத்தில் வாக்குவாதம் வந்துவிட்டது. மேசை துடைத்துக்கொண்டிருந்த பிள்ளை வந்து துண்டை எட்டிப் பார்த்து, "கிணத்துக்கு கட்டு எவ்வளவு உயரம் அப்பா?" என்றாள். அவர் தன் தொடையில் கை வைத்துக் காட்டினார், பிறகு கொஞ்சம் கீழே இறக்கினார்.

இப்போது மூன்றாவது துண்டு நடக்கிறது. அதில் கிணறு கிழக்கே போய்விட்டது.