ஆய்வுப் பட்ட விதிகளும் பாயிர மரபும்

கற்பிப்போன் யார், கற்போன் யார், கற்பிக்கும் முறை யாது, கற்கும் முறை யாது என்பனவற்றை நூலின் முகப்பிலேயே வரையறுத்து வைத்தல் தமிழ் மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இவற்றைப் பொதுப்பாயிரம் என்னும் பெயரால் தொகுத்துரைக்கின்றது. இக்காலத்தில் முனைவர் பட்ட ஆய்வினை மேற்கொள்ள விழைவார்க்குப் பாயிரமாக அமைவன பல்கலைக்கழக மானியக்குழு வகுத்த விதிகளாகும். 2009-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் வெளிவந்த விதிகளைத் தொடர்ந்து, 2022 நவம்பர் 7-ஆம் நாள் புதிய விதிகள் அறிவிக்கப்பெற்றன.

விதிகள் என்றால் அவை அலுவலகத்தார் படிக்கவேண்டியவை எனக் கருதி ஒதுக்கிவிடுதல் தமிழ்த்துறையினராகிய நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயின், ஓர் ஆய்வாளரின் வாழ்நாளில் மூன்று முதல் பத்து ஆண்டுகளை ஆள்வது அவ்விதித்தொகுப்பே. ஆதலின் அதனையும் ஒரு நூலாகக் கொண்டு, பாயிரத்தோடு ஒப்பவைத்து, இரண்டின் குணத்தையும் குற்றத்தையும் ஈண்டு ஆராய்வோம்.

புகுவாயில்

பழமையைப் போற்றுவோர் முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். யாவர்க்கு நூல் உரைக்கலாம் என வகுக்குமிடத்து, தன் மகன், ஆசிரியன் மகன், அரசன் மகன், பொருளை மிகுதியாக வழங்குவோன், வழிபடுவோன், உரைத்ததைக் கொள்ளும் ஆற்றலுடையோன் என அறுவரை நன்னூல் குறிக்கின்றது. முதல் மூவர் பிறப்பினாலும், நான்காமவன் பொருளினாலும் இடம் பெறுகின்றனர். அறிவாற்றல் ஒன்றே பற்றி இடம் பெறுபவன் இறுதியில் நிற்பவனே. மகளிரைப் பற்றிய பேச்சே அங்கு இல்லை.

2022-ஆம் ஆண்டு விதிகள் இவ்வகையில் பாயிரத்தினும் மேம்பட்டு நிற்கின்றன. முதுகலையில் நூற்றுக்கு 55 மதிப்பெண்ணோ, நான்காண்டு இளங்கலையில் நூற்றுக்கு 75 மதிப்பெண்ணோ பெற்ற எவரும் விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருள் வளமான பிரிவினர் அல்லாதார், மாற்றுத்திறனாளிகள், பொருளியலில் நலிந்த பிரிவினர் ஆகியோர்க்கு 5 மதிப்பெண் தளர்வு உண்டு. இடஒதுக்கீட்டு நெறியும் பின்பற்றப்பெறல் வேண்டும். பிறப்பும் பொருளும் காத்துநின்ற வாயிலைப் பொதுவிதி திறந்துவிட்டது. இதனை வளர்ச்சி என்று கொள்வதற்கு எவரும் தயங்கவேண்டியதில்லை.

வாயிலைத் திறந்தபின், புகுவோரை அளக்கும் கோல் யாது என்பதே அடுத்த வினா. 2024 மார்ச்சுத் திங்களில் மானியக்குழு மேற்கொண்ட முடிவின்படி, பல்கலைக்கழகங்கள் தத்தமக்குரிய நுழைவுத் தேர்வுகளுக்கு மாறாகத் தேசியத் தகுதித் தேர்வின் மதிப்பெண்ணைக் கொள்ளலாம். உதவித்தொகைக்குத் தகுதி பெறாத ஏனையோர்க்கு அம்மதிப்பெண் நூற்றுக்கு 70 பங்காகவும் நேர்காணல் 30 பங்காகவும் கணக்கிடப்பெறும்; அவர்தம் மதிப்பெண் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். தேர்வில் 150 வினாக்கள். காலம் மூன்று மணி நேரம். ஒவ்வொரு வினாவுக்கும் தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

இத்தேர்வு எத்தகைய மாணாக்கரைத் தெரிந்தெடுக்க வல்லது? நன்னூலார் தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவினையும், இடைமாணாக்கர்க்கு மண்ணையும் கிளியையும் உவமை கூறினார். சொல்லிக்கொடுத்ததைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும் கிளியை இத்தேர்வு நன்கு கண்டுகொள்ளும். நூலாசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு என்பனவற்றை நினைவில் வைத்திருப்போர் அதில் வெற்றி பெறுவர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைக் காண்பதற்கு அத்தேர்வில் வழி இல்லை. ஒரே குறட்பாவுக்கு மணக்குடவரும் பரிமேலழகரும் வேறுபட்ட உரை கூறுமிடத்து, எது பொருந்துவது, ஏன் பொருந்துவது என ஒருவர் எடைபோடுவதை, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைக் குறிப்பதனால் அறிதல் அரிது. நேர்காணலுக்குரிய 30 பங்கே அதற்கு எஞ்சிய இடம். அவ்விடத்தில் ஒரு பாடலையும் இரண்டு உரைகளையும் முன்வைத்துப் படிக்கச் சொல்லுதல் துறையினர் கையில் உள்ளது. அதனைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

நாடு முழுவதற்கும் ஒரே வாயில் வைப்பதில் மற்றோர் இடரும் உண்டு. 2024 சூன் 18-ஆம் நாள் நடைபெற்ற தேசியத் தகுதித் தேர்வு மறுநாளே நீக்கப்பெற்று, ஆகத்து 21 முதல் மீண்டும் நடத்தப்பெற்றது. பூட்டு ஒன்று பழுதுபட்டமையால் வீட்டின் எல்லாக் கதவுகளும் இரண்டு திங்கள் அடைபட்டுக் கிடந்தன.

கால் பங்கும் அரைப் பங்கும்

கல்வி யாங்ஙனம் நிறைவுறும் என்பதற்கு நன்னூல் தரும் கணக்கு மிகவும் நுட்பமானது. ஆசிரியன் உரைப்பதை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது கால் பங்கே. உடன் பயில்வாரோடு பழகிப் பெறுவது மற்றொரு கால் பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் பெறுவது எஞ்சிய அரைப் பங்கு. இக்கணக்கினைக் கொண்டு 2022-ஆம் ஆண்டு விதிகளை அளந்து பார்ப்போம்.

முதற் கால் பங்கு உள்ளது. நெறியாளர் உளர். ஒரே காலத்தில் பேராசிரியர் எண்மரையும், இணைப்பேராசிரியர் அறுவரையும், உதவிப் பேராசிரியர் நால்வரையும் மட்டுமே ஏற்கலாம் என்னும் வரம்பும் உண்டு. குறைந்தது 12 மதிப்பலகு கொண்ட பாடப்படிப்பும் உண்டு. ஆயின் இதே விதிகள் ஆய்வியல் நிறைஞர் பட்டத்தை நீக்கிவிட்டன. அப்பட்டத்திற்கு மாணாக்கரைச் சேர்க்கலாகாது என 2023 திசம்பரில் மானியக்குழு மீண்டும் எச்சரித்தது. தமிழ்நாட்டில் அப்பட்டம் ஆய்வுக்குரிய பயிற்சிக் களமாக விளங்கியது. சுவடி படித்தல், பாடவேறுபாடு காணல், மேற்கோளை மூலத்தோடு ஒத்துப் பார்த்தல் முதலியவற்றை ஒரு சிற்றேட்டின்வழிப் பயின்றபின் பேரேட்டுக்குச் செல்லும் படிமுறை அதனால் அமைந்திருந்தது. அச்சுமை முழுவதும் இன்று பாடப்படிப்பின்மேல் ஏறியுள்ளது. அதனைச் சில பொதுவுரைகளோடு முடித்துவிடும் துறை, படி இல்லாத மாடிக்கு ஆய்வாளரை ஏறச் சொல்கின்றது.

இறுதி அரைப் பங்கும் உள்ளது. எல்லாத் துறை ஆய்வாளரும் தம் பொருளைக் கற்பித்தலிலும் எழுதுதலிலும் பயிற்சி பெறவேண்டும் எனவும், கிழமைக்கு 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் உதவிப் பணியினை அவர்க்கு அளிக்கலாம் எனவும் விதி கூறுகின்றது. எடுத்துரைத்தலே கற்றலின் பெரும்பகுதி என்னும் நன்னூற் கருத்தோடு இது முற்றும் பொருந்துவதாகும்.

இடையிலுள்ள கால் பங்கினைத்தான் காணோம். உடன் பயில்வார் என்போர் இவ்விதிகளில் ஏறக்குறைய இல்லை. ஆய்வாளர், நெறியாளர், குழுவினர், தேர்வாளர் என நால்வகையினரைக் கொண்டு விதி முழுவதும் இயங்குகின்றது. பக்கத்து மேசையில் ஐந்தாண்டு அமர்ந்திருக்கும் மற்றோர் ஆய்வாளர்க்கு வாய்மொழித் தேர்வில் அமர்ந்து கேட்கும் உரிமை கிடைக்கின்றது. அதுவும் ஆய்வேடு முடிந்தபின்!

கால எல்லை

குறைந்தது மூன்று ஆண்டு, மிகுதி ஆறு ஆண்டு என்பது விதி. மறுபதிவின்வழி மேலும் இரண்டு ஆண்டுகள் பெறலாம். மகளிர்க்கும், நூற்றுக்கு 40-க்கு மேற்பட்ட குறைபாடுடைய மாற்றுத்திறனாளிகட்கும் இன்னும் இரண்டு ஆண்டுகள் உண்டு. ஆகப் பேரெல்லை பத்து ஆண்டுகள். மகப்பேற்றுக்கும் குழந்தை பேணலுக்கும் 240 நாள் வரை விடுப்பு அளிக்கப்பெறும். இவை ஆய்வாளரின் வாழ்வை அறிந்து எழுதப்பெற்ற விதிகள்.

பகுதிநேர ஆய்வுக்கும் இடம் உண்டு. அது தமிழாய்வின் வரலாற்றுக்கு இயைந்ததே. டாக்டர் மு. வரதராசனார் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டே சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருள் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதி, 1948-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பணியாற்றும் இடத்தில் தடையின்மைச் சான்று பெறவேண்டும் என்றும், ஆய்வுக்குப் போதிய நேரம் தரப்படும் என்பதை அச்சான்று உறுதி கூறவேண்டும் என்றும் இன்றைய விதி வற்புறுத்துகின்றது. ஆயின் தாளில் தரப்படும் நேரம் வேறு, வாழ்வில் கிடைக்கும் நேரம் வேறு. நங்கநல்லூரில் குடியிருந்து பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியை, மாலை மணி அடித்தபின் பழவந்தாங்கலில் மின்தொடர்வண்டி ஏறிச் சேப்பாக்கம் சென்று சேரும்பொழுது நெறியாளர் வீடு திரும்பும் நேரம் ஆகிவிடும். இத்தகையோர்க்கு ஆண்டுகளை நீட்டித் தருவதோடு, சனிக்கிழமையேனும் படிப்பகமும் நெறியாளரும் கிடைக்கச் செய்தல் துறையின் கடன்.

தன்மதம் கொளல்

2016-ஆம் ஆண்டு விதிகள் ஆய்வேட்டை அளிப்பதற்கு முன்னர்க் கட்டுரை ஒன்றை மதிப்பீட்டு இதழில் வெளியிடுதலையும், இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை படித்தலையும் கட்டாயமாக்கின. 2022-ஆம் ஆண்டு விதிகள் அக்கட்டாயத்தை விட்டுவிட்டன. இதழ்களைத் தரம் பிரித்துக்காட்டிய மானியக்குழுவின் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பெற்றது. கட்டாயம் இருந்தபோது, கட்டணம் பெற்று எதனையும் அச்சிடும் இதழ்கள் பெருகின என்பது யாவரும் அறிந்தது. ஆதலின் இத்தளர்வு வரவேற்கத்தக்கதே. ஆயின் எண்ணிக்கையை நீக்கிய இடத்தில் தரத்தை வைக்கவேண்டிய பொறுப்பு துறையைச் சார்கின்றது.

எண்ணிக்கையின் ஆட்சி மற்றோரிடத்தில் இன்னும் தொடர்கின்றது. கருத்துத் திருட்டினைத் தடுக்க 2018-ஆம் ஆண்டில் வந்த விதிகள் ஒப்புமை நூற்றுக்கு 10 வரை இருப்பின் தண்டம் இல்லை என்றும், 10 முதல் 40 வரை, 40 முதல் 60 வரை, 60-க்கு மேல் என மூன்று படிகளில் தண்டம் உண்டு என்றும் வகுத்தன. திருட்டினைத் தடுத்தல் இன்றியமையாதது. ஆயின் பிறர் சொல் இல்லை எனக் காட்டும் எண், ஆய்வாளரின் சொந்தக் கருத்து உண்டு எனக் காட்டாது. திருடாமை ஒரு நற்பண்பு; அதுவே ஆய்வாகிவிடாது.

இங்கே நன்னூலார் வகுத்த எழுவகை மதம் நினைக்கத்தக்கது. பிறர் கருத்தோடு உடன்படல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், தானே ஒன்றை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபடுமிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலின் குற்றம் காட்டல், பிறர் கருத்தோடு சாராது தன் கருத்தையே கொள்ளல் என்பன அவை. ஆய்வேடு ஒவ்வொன்றும் இவ்வேழனுள் ஒன்றையேனும் செய்தல் வேண்டும். பாடல்களைத் தொகுத்து, தலைப்பிட்டு, பட்டியலாக்கி முடியும் ஏட்டில் ஒப்புமை அளவு குறைவாக இருக்கலாம். மதம் ஒன்றும் இராது.

அரங்கேற்றம்

தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது எனப் பனம்பாரனார் பாயிரம் கூறுகின்றது. இக்கால அரங்கேற்றம் வாய்மொழித் தேர்வு. நெறியாளரோடு, நிறுவனத்தைச் சாராத தேர்வாளர் இருவரேனும் ஏட்டினை மதிப்பிடுதல் வேண்டும்; இயலுமிடத்து அவருள் ஒருவர் இந்தியாவுக்கு வெளியே உள்ளவராதல் வேண்டும் என்பது விதி. யாழ்ப்பாணத்திலும் மலாயாவிலும் பல்கலைக்கழகத் தமிழ்க்கல்வி நிலைபெற்றுள்ளமையால் தமிழ்த்துறைக்கு இவ்விதி எளிதாகக் கைவருவது. அதனைப் பயன்கொள்ளாமை நம் குறையேயன்றி விதியின் குறை அன்று.

ஆயினும் அரங்கேற்றத்தில் வெளிப்படும் பெரும்பிழையைத் திருத்தக் காலம் இருப்பதில்லை. மாலை கையில் வந்தபின் பாட்டின் குற்றம் பேசுவார் யார்? ஆதலின் ஆய்வின் உயிர்நிலை வாய்மொழித் தேர்வுக்கு முன்னரே உள்ளது. ஒவ்வோர் அரையாண்டிலும் ஆய்வாளர் தம் அறிவுரைக் குழுவின் முன் தோன்றி முன்னேற்றத்தை உரைத்தல் வேண்டும். குறையிருப்பின் குழு அதன் காரணத்தைப் பதிவுசெய்து திருத்தும் வழியும் கூறல் வேண்டும். பரிந்துரையின் படியினை ஆய்வாளர்க்குத் தருதல் வேண்டும் என 2022-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தொகுப்பு முழுவதிலும் சிறந்த விதி இதுவே என்பது நம் துணிபு. எளிதில் சடங்காகிவிடுவதும் இதுவே. மூன்று கையொப்பங்களும் ‘முன்னேற்றம் மனநிறைவளிக்கிறது’ என்னும் ஒரு வரியும் இருந்தால் தாள் நிறைந்துவிடும். அவ்வரியைப் பத்துமுறை பெற்றவர் ஆறாம் ஆண்டில் தம் ஏட்டுக்கு மதமே இல்லை எனக் காண்பாராயின், அவ்விழப்பு யாருடையது?

முடிபு

எனவே நாம் முன்வைப்பது புதிய விதி ஒன்றனை அன்று. உள்ள விதியை மெய்யாக நடத்துவதையே. அரையாண்டு முன்னேற்ற உரையினைத் துறையின் ஆய்வாளர் அனைவரும் அமர்ந்து கேட்டு வினவும் சிறு அரங்கேற்றமாக அமைத்தல் வேண்டும். குழு தன் கருத்தை ஒரு பக்க அளவிலேனும் காரணத்தோடு எழுதுதல் வேண்டும். எழுவகை மதத்துள் இவ்வாய்வு எதனை மேற்கொள்கின்றது என்பதை ஆய்வாளர் ஒவ்வொருமுறையும் கூறுதல் வேண்டும். இதனால் விடுபட்ட கால் பங்கு மீண்டும் கைகூடும். பிழை திருந்துதற்குரிய காலத்திலேயே வெளிப்படும்.

பாயிரம் இல்லாத நூல் நூலன்று என்பர் முன்னோர். நூல் இல்லாத பாயிரத்தை என்னென்பது? மானியக்குழு பாயிரத்தை எழுதித் தந்துவிட்டது. நூலை எழுதவேண்டியவர் துறையினராகிய நாம்.